கற்பனைக்கும் ஒரு கட்டளை

இசைக் கலைஞர்களுக்குக் கற்பனை வறண்டுபோகும் காலம் ஒன்று உண்டு. மேலைநாட்டு இசையமைப்பாளருக்கு அது வெற்றுத் தாளாக வந்து நிற்கும். நம் மரபில் அதன் தோற்றம் வேறு. ராக ஆலாபனை செய்பவருக்கு வாசிப்பு தடைபடாது. ஆனால், நேற்று வந்த சங்கதியே இன்றும் வரும். கேட்போர் பலர் இதை அறியமாட்டார்கள். வாசிப்பவருக்கு மட்டும் தெரியும்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் திருமணங்களுக்கும் கோயில் விழாக்களுக்கும் நாகசுரம் வாசிப்போருடன் பழகி வருகிறேன். பொருளியல் கற்பித்தவனுக்கு இசையில் என்ன வேலை என்று கேட்கலாம். அவர்கள் சொல்வதைக் கேட்கக் கேட்க, இது மனத்தைப் பற்றிய சிக்கல் என்பதைவிட நேரத்தைப் பற்றிய சிக்கல் என்றே எனக்குப் படுகிறது.

ஒருவர் முதலில் சீவாளியின் மீது பழிபோட்டார். கொறுக்கைத் தட்டையில் செய்யப்படும் அந்தச் சிறு பொருளை நான்கு முறை மாற்றியும் பயனில்லை. பிறகு சொன்னார்: "முகூர்த்தத்துக்கு முன்னாடி பத்து நிமிஷம் கெடைச்சா பெரிசுங்க ஐயா. அதுக்குள்ள சினிமாப் பாட்டுக்குச் சீட்டு வந்துடும். இப்ப வீட்டுல தோடிய எடுத்தாக்கூட, அஞ்சு நிமிஷத்துக்கு மேல எங்க போறதுன்னு தெரியல."

நாகசுரத்தின் ராக விரிவு வளர்ந்த இடம் அரங்கம் அன்று, வீதி. கம்பீரநாட்டையில் மல்லாரி முழங்க சுவாமி புறப்பட்டால், நான்கு வீதிகளையும் சுற்றித் திரும்பப் பல மணி நேரம் ஆகும். திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளையின் தோடி அவ்வளவு நீண்டதற்கு அவருடைய மேதைமை மட்டுமே காரணமன்று. அந்த நீளத்தைத் தாங்கும் வீதியும் கூட்டமும் அன்று இருந்தன. குருவிடம் கற்ற பிடிகள் எல்லாம் முதல் அரை மணியில் தீர்ந்துவிடும். அதன் பின்னர் வருவதே கற்பனை. பத்து நிமிடத்தில் முடிக்கச் சொன்னால் கைவசம் இருப்பது மட்டுமே வெளிவரும். பல ஆண்டுகள் அப்படியே வாசித்தவருக்குக் கைவசம் இருப்பதும் சுருங்கிவிடும்.

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தில் பிரெஞ்சு ஆளுநர்கள் வடம் பிடித்த வழக்கம் இன்று துணைநிலை ஆளுநர்கள் காலத்திலும் தொடர்கிறது. தேர் ஓடுகிறது. ஆனால், பொதுவாக நம் ஊர்த் திருவிழாக்களில் ஒலிபெருக்கிகளுக்கு இடையில் நாகசுரத்துக்கு மிஞ்சும் நேரம் குறைவு. பல கோயில்களில் தீபாராதனைக்கு மோட்டாரில் இயங்கும் மணியும் முரசும் வந்துவிட்டன. (அந்த ஓசையை மங்கல இசை என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.)

இதற்குக் காரணம் ரசனைக் குறைவு என்று சொல்லிவிடுவது எளிது. அமெரிக்கப் பொருளியலாளர்களான வில்லியம் பாமோலும் வில்லியம் போவனும் 1966-இல் வெளியிட்ட நூலில் வேறொரு விளக்கம் தந்தனர். பாகூர் வயலில் பலர் நாள் முழுதும் செய்த அறுவடையை இன்று இயந்திரம் விரைவாக முடித்துவிடுகிறது. தோடியை அப்படி முடிக்க இயலாது; நூறாண்டுகளுக்கு முன் பிடித்த நேரமே இன்றும் பிடிக்கும். பிற தொழில்களில் உற்பத்தித் திறனும் கூலியும் உயர உயர, கலைஞரின் ஒரு மணி நேரம் ஒப்பீட்டளவில் விலையேறிக்கொண்டே போகிறது. அழைப்பவர் நேரத்தைக் குறைக்கிறார். கெட்டிமேளம் நிலைக்கிறது, ஆலாபனை போய்விடுகிறது.

மனத்தின் பங்கை நான் மறுக்கவில்லை. ரஷிய இசையமைப்பாளர் ராக்மானினாவின் முதல் சிம்பொனி 1897-இல் அரங்கேறியபோது படுதோல்வி அடைந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவரால் குறிப்பிடத்தக்க எதையும் இயற்ற முடியவில்லை. 1900-இல் நிக்கோலாய் டால் என்னும் மருத்துவர் அவருக்கு மனச் சிகிச்சை அளித்தார். மறுஆண்டு நிறைவுற்ற இரண்டாம் பியானோ கான்செர்ட்டோவை அந்த மருத்துவருக்கே அவர் காணிக்கையாக்கினார். டால் தாமும் ஓர் இசை ஆர்வலர் என்பதைக் கவனிக்க வேண்டும். தளர்ந்த கலைஞருக்கு இசை தெரிந்த ஒரு செவி தேவை. நம் ஊர்களில் அந்த இடத்தில் இருப்பவர் உடன் வாசிக்கும் தவில்காரர்.

கலைஞர் தாமே செய்துகொள்ளக்கூடியதும் உண்டு. 'புதிதாக ஏதாவது செய்' என்றால் மனம் திகைக்கும். ஒரு விதியைக் கொடுத்தால் அது வேலை செய்யத் தொடங்கும். கோடீசுவர ஐயர் 72 மேளகர்த்தா ராகங்களிலும் தமிழில் கீர்த்தனைகள் இயற்றினார்; அவை 'கந்தகானாமுதம்' என்று வழங்குகின்றன. பழகிய ராகங்களோடு நிற்க அந்த விதி அவரை விடவில்லை. ஷட்ஜமும் பஞ்சமமும் தொடாமல் தோடியை விரிப்பது நம் மரபில் உள்ள பயிற்சியே. நான் குறிப்பிட்ட நாகசுரக்காரர் மாலைதோறும் இதைச் செய்துவருகிறார். வழக்கமாக இளைப்பாறும் இரண்டு சுரங்களும் கிடைக்காததால் விரல் வேறு வழி தேடுகிறது என்கிறார்.

உழவரிடமும் ஒரு பாடம் இருக்கிறது. நெல் அறுவடைக்கு ஏழு, பத்து நாள்களுக்கு முன்பே, நிற்கும் பயிருக்கிடையில் உளுந்து விதைப்பார்கள். அறுத்தபின் விதைத்தால் மண்ணின் ஈரம் போய்விடும். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் கருவியை உறையிலிடுவோர், பருவம் முடியுமுன்பே அடுத்த ராகத்தைக் கையில் எடுத்துக்கொள்வது நல்லது.

எனினும், தனிமனிதப் பயிற்சியால் மட்டும் வீதியின் நீண்ட இரவைத் திரும்பப் பெற முடியாது. நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, இங்கிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைக் கூறுகிறது. அது 9-ஆம் நூற்றாண்டு. கற்போரும் கற்பிப்போரும் செலவிடும் பொழுதுக்கு யாரேனும் விலை கொடுக்க வேண்டும் என்பதை அன்றே அறிந்திருந்தார்கள்.

இன்று மூன்று ஊர்கள் தேவையில்லை. பூவுக்கும் எண்ணெய்க்கும் கட்டளை வைக்கும் குடும்பங்கள் நம் சிவாலயங்களில் நாகசுரத்துக்கும் ஒரு கட்டளை வைக்கலாம். பிரதோஷத்துக்கு ஒரு மணி நேரம், ஒரே ராகம். மாதம் இரண்டு என்றால் ஆண்டுக்கு 24 மாலைகள். கலைஞருக்கும் தவில்காரருக்கும் திருமணத்தில் கிடைக்கும் கூலிக்குக் குறையாமல் தர வேண்டும். கட்டளைப் பத்திரத்தில் ஒரு நிபந்தனையும் இருக்கட்டும்: அந்த ஒரு மணி நேரத்தில் எவரும் சீட்டு எழுதிக் கொடுக்கக் கூடாது.