லேசருக்கு முதல் காவல் எர்த் குழி

கரண்ட் வரும் பாதை – 19

மாசி பிறந்துவிட்டால் தருமபுரி மாவட்டத்துச் சவுண்டு சர்வீஸ்காரர்களுக்குத் தூக்கம் கிடையாது. ஊருக்கு ஊர் மாரியம்மன் பண்டிகை. முன்பெல்லாம் சீரியல் செட்டும் நான்கு குழாய் ஸ்பீக்கரும் இருந்தால் திருவிழா களைகட்டிவிடும். இன்று மேடைக்கு மேலே பச்சையும் சிவப்பும் நீலமுமாக லேசர் ஆடவில்லை என்றால் இளைஞர்கள் ஒப்புக்கொள்வதில்லை. கல்யாண மண்டபங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் பல்பு வைத்த புரொஜெக்டரின் இடத்துக்கு லேசர் புரொஜெக்டர் வந்துகொண்டிருக்கிறது. கூடவே ஒரு புலம்பலும் வருகிறது: “ஸ்டெபிலைசர் போட்டுத்தாண்ணே ஓட்டினோம். ஒரே சீசன்ல சிவப்பு போயிடுச்சு.”

சிவப்பு டயோடு போனால் வெள்ளை வரவேண்டிய இடத்தில் வெளிர்நீலம் வரும். மெஷின் ஓடும், விசிறி சுற்றும், வெளிச்சமும் இருக்கும். அதனால் பலர் அதைப் பழுது என்றே முதலில் நினைப்பதில்லை.

ஸ்டெபிலைசர் ஏன் காப்பாற்றவில்லை என்பதற்கு நேரக் கணக்குதான் பதில். வோல்டேஜ் ஏறியதை உணர்ந்து ‘டக்’கென்று ரிலே மாறுவதற்குப் பல மில்லி செகண்டுகள் ஆகும். சர்வோ வகை இன்னும் நிதானமானது. மின்னல் தாக்கத்தால் கம்பியில் ஓடிவரும் உயரழுத்தமோ சுமார் ஒரு மைக்ரோ செகண்டில் உச்சிக்கு ஏறி, சில பத்து மைக்ரோ செகண்டுகளில் அடங்கிவிடும். ஒரு மில்லி செகண்டுக்குள் ஆயிரம் மைக்ரோ செகண்டுகள் இருக்கின்றன. ஸ்டெபிலைசர் விழித்துக்கொள்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

பழைய குண்டு பல்பு இத்தகைய அடியைப் பெரும்பாலும் பொறுத்துக்கொண்டது. அதன் டங்ஸ்டன் இழை சூடேறவே நேரம் பிடிக்கும். லேசர் டயோடில் ஒளி வெளியேறும் வாசல் ஒரு மைக்ரான் கனம்கூட இருக்காது. அகலம் சில பத்து மைக்ரான்கள். அத்தனை ஒளியும் அந்த இடுக்கு வழியாகத்தான் வர வேண்டும். கரண்ட் ஒரு கணம் அளவு மீறினால் வாசலின் முகப்பு ஒளியை விழுங்கிச் சூடாகிறது. சூடானதும் இன்னும் அதிகமாக விழுங்குகிறது. இப்படி ஒன்றை ஒன்று தூண்டி, ஒரு மைக்ரோ செகண்டுக்குள் முகப்பு உருகிவிடும். அதன் பிறகும் அந்த டயோடு மினுக்கும், சாதாரண எல்.இ.டி. போல மங்கலாக. கூரிய கதிர் மட்டும் இனி அதிலிருந்து வராது. 1962-இல் அமெரிக்காவில் முதல் குறைக்கடத்தி லேசர் பிறந்தது. நீல நிறத்துக்கு 1990-களின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நகமுரா அதைச் சாதித்தார். முப்பதாண்டு உழைப்பில் கைகூடிய பொருள் ஒரு மோசமான எர்த்தால் கண்மூடித் திறப்பதற்குள் குப்பைக்குப் போவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நம் மாவட்டத்தில் அடி எங்கிருந்து வருகிறது? போன வாரம் எழுதிய போர்வெல் மோட்டார் ஒரு காரணம். நமக்குக் கரண்ட் தரும் அதே டிரான்ஸ்ஃபார்மரில் ஓடும் மோட்டார் நிற்கும்போது அதன் சுருளில் தேங்கிய ஆற்றல் கம்பியில் ஒரு குத்து குத்திவிட்டுத்தான் அடங்கும். இரண்டாவது கோடை மழை. சித்திரை, வைகாசியில் மாலை இடியோடு வரும் மழையும் திருவிழாக் காலமும் ஒன்றாகவே வருகின்றன. மின்னல் நேரே விழ வேண்டியதில்லை. தூரத்துக் கம்பி அருகே விழுந்தாலே போதும்.

இதைத் தடுக்க வாரிஸ்டர் என்றொரு சிறு வில்லை இருக்கிறது. எம்.ஓ.வி. என்று கேட்டால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கொடுப்பார்கள். ஏரி நிரம்பினால் கோடி வழியே உபரி நீர் போவதுபோல, வோல்டேஜ் அளவு மீறினால் இது வழிவிட்டு மிச்சத்தை வெளியேற்றுகிறது. ஆனால் வெளியேறிய நீருக்கு வாய்க்கால் வேண்டுமே! மின்னல் இழுத்துவரும் அழுத்தம் பேஸ், நியூட்ரல் இரண்டு கம்பியிலும் சேர்ந்தே வரும். அது இறங்க எர்த்தை விட்டால் வேறு இடமில்லை.

தருமபுரியின் சிக்கல் இங்கேதான். அரை ஆள் ஆழம் தோண்டினால் பாறை. மேலே இருப்பதோ காய்ந்த செம்மண். ஈரம் இல்லாத மண்ணும் பாறையும் மின்சாரத்தை எளிதில் வாங்காது. ஒரு கம்பியை அடித்து, கைப்பிடி உப்பைப் போட்டு மூடிவிட்டால் அது பெயரளவுக்கு எர்த். பாறை விட்ட இடம் பார்த்து ஆழமாகத் தோண்டி, கரியும் உப்பும் நிரப்பி, கோடையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு குழி போதாவிட்டால் இடைவெளி விட்டு இரண்டு, மூன்று குழிகளை ஒன்றாக இணைக்கலாம். பேஸிலிருந்து எர்த்துக்கு டெஸ்ட் லாம்பு எரிந்தால் சரி என்று திருப்திப்படுகிறோம். வழி ஒன்று இருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். எவ்வளவு அகலமான வழி என்பதை எர்த் டெஸ்டர் வைத்து அளந்தால்தான் தெரியும். ஒயரின் நீளமும் முக்கியம். மின்னல் கரண்ட் பாயும்போது ஒரு மீட்டர் ஒயரிலேயே சில நூறு வோல்ட் எழும்பிவிடும். காப்புச் சாதனத்திலிருந்து எர்த்துக்குப் போகும் ஒயரைச் சுருட்டி வைக்காமல் குட்டையாக, நேராக இழுங்கள். கையில் இருக்கும் பணத்தில் முதல் செலவு எர்த்துக்குத்தான் என்பது என் உறுதியான கருத்து. ஸ்டெபிலைசர் அப்புறம்.

நியூட்ரல் கட் ஆவது வேறு வகை ஆபத்து. கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வரவேண்டிய பிளக்கில் 350, 400 என்று வரும். மைக்ரோ செகண்டு அல்ல, யாராவது ஓடிப்போய் நிறுத்தும்வரை வரும். வாரிஸ்டர் இதைத் தாங்காமல் எரிந்துபோகும். அளவு மீறினால் லைனையே துண்டிக்கும் கட்-ஆஃப் ரிலே தனியாக வேண்டும். ஜெனரேட்டருக்கு மாறும்போதும் இதே கவனம்: லேசரை அணைத்துவிட்டு சேஞ்ச் ஓவர் போடுங்கள், ஜெனரேட்டர் நிலைப்பட்ட பிறகு ஆன் செய்யுங்கள். மிக்ஸர் ஜெனரேட்டரில், லேசர் ஈ.பி. கரண்டில் என்று பிரித்துவிட்டு இரண்டுக்கும் நடுவே சிக்னல் கேபிள் இழுப்பவர்களும் உண்டு. இரு பக்க எர்த்தும் ஒன்றாக இல்லாவிட்டால் அடி அந்தக் கேபிள் வழியே உள்ளே போகும்.

சில டயோடுகளின் சாவுக்கு ஈ.பி. கரண்ட் காரணமே அல்ல. வத்தல்மலை, சித்தேரி என்று மலைப்பாதையில் வண்டி குலுங்கிப் போகும்போது உள்ளே டயோடு கனெக்டர் தளர்ந்துவிடும். டிரைவர் போர்டின் வேலை கரண்டை ஒரே அளவில் வைப்பது. தொடர்பு விட்டால் கரண்ட் நிற்கும். அதைத் திரும்பக் கொண்டுவர போர்டு தன் வோல்டேஜை உச்சிக்கு ஏற்றிக்கொண்டு காத்திருக்கும். மறுபடி தொட்ட நொடியில் கெப்பாசிட்டரில் சேர்ந்தது முழுவதும் டயோடில் கொட்டும். பட்டறையில் போர்டை ஆன் செய்துவிட்டு டயோடை மாட்டினாலும் நடப்பது இதுதான். முதலில் டயோடை மாட்டுங்கள், பிறகு பவர். மேடையேற்றும் முன் பவரை எடுத்துவிட்டு, பயிற்சி உள்ளவரை வைத்து மூடியைத் திறந்து, கனெக்டர்களை ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

(தொடரும்)