பாட்டிலில் பெயர் வரும், திராட்சையின் ஊர் வராது

ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் குறியீடு பெற்ற உணவுப்பொருள் எதுவானாலும், லேபிளில் அந்தக் குறியீட்டுப் பெயர் கண்ணில் படுகிற அதே பக்கத்தில் தயாரிப்பாளரின் பெயரும் இருக்க வேண்டும். 2026 மே 14 முதல் இது கட்டாயம். 2024-இல் வந்த 1143-ஆம் எண் ஒழுங்குமுறையில் ஓர் உட்பிரிவு இது. இதை நாலு வரிச் செய்தியாகப் போட்டோம். வந்த கடிதங்களைப் பார்த்தால் நாலு வரி போதவில்லை. “இனி பால்சமிக் வினிகர் பாட்டிலைத் திருப்பினால் எந்த ஊர்த் திராட்சை என்று தெரிந்துவிடுமா?” என்கிறார் பாரிஸ் வாசகர் ஒருவர். “டி.ஓ.பி., ஐ.ஜி.பி. இரண்டும் ஒன்றுதானே?” என்பது கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவியின் கேள்வி. மாணவிக்குப் பதில் சொன்னால் பாரிஸ்காரருக்கும் பதில் கிடைத்துவிடும்: தெரியாது.

குறியீடு என்றால் என்ன என்று ஆரம்பிக்கப் போவதில்லை. மதுரை மல்லி காலத்திலிருந்து எல்லாரும் படித்த கதை அது. இத்தாலியின் எமிலியா-ரொமாஞா மாநிலத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பார்மா, மோதெனா, பொலோஞா எல்லாம் இங்கேதான். பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸும் பார்மா ஹாமும் லாம்ப்ருஸ்கோ ஒயினும் இந்த மண்ணின் பெயரில்தான் உலகம் சுற்றுகின்றன.

ஐரோப்பியக் குறியீட்டில் இரண்டு வகை. சட்டப் புத்தகத்தின்படி, டி.ஓ.பி. என்றால் உற்பத்தியின் எல்லாக் கட்டமும் குறித்த வட்டாரத்துக்குள் நடக்க வேண்டும். ஐ.ஜி.பி.க்கு ஒரு கட்டம் நடந்தால் போதும். என் பாஷையில் சொன்னால், முன்னது ஊரில் பிறந்த பொருள், பின்னது ஊர் வழியாகப் போன பொருள். இரண்டுக்கும் முத்திரை ஒரே வட்டம்தான். ஒன்றில் சிவப்பும் மஞ்சளும், மற்றதில் நீலமும் மஞ்சளும். கடை வெளிச்சத்தில் எத்தனை பேர் நிறம் பிரித்துப் பார்க்கிறார்கள்?

வித்தியாசம் எவ்வளவு பெரிது என்பதற்கு மோதெனா வினிகரைவிட நல்ல சாட்சி கிடையாது. மோதெனாவின் பழைய வீடுகளில் ஓட்டுக்கூரைக்கு அடியில் மச்சு உண்டு. அங்கே ஓக், செஸ்நட், செர்ரி, மல்பெரி, ஜூனிபர் மரங்களில் செய்த பீப்பாய்கள் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாக நிற்கும். மாவட்டத்துத் திராட்சையைப் பிழிந்து, சாற்றைத் திறந்த அண்டாவில் காய்ச்சிச் சுண்டவைத்து இவற்றில் ஊற்றுகிறார்கள். கோடையில் மச்சு கொதிக்கும், சாறு வற்றும். குளிரில் அடங்கித் தெளியும். ஆண்டுக்கொரு முறை கடைசிச் சிறு பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுப்பார்கள். அதில் குறைந்ததை அடுத்த பெரிய பீப்பாயிலிருந்து நிரப்புவார்கள். அதில் குறைந்ததை அதற்கடுத்ததிலிருந்து. பெரிய பீப்பாய்க்குத்தான் புதுச் சாறு. பாலுக்குப் பிரை குத்துவதுபோல, பழையது எப்போதும் புதியதற்குள் கொஞ்சம் இருந்துகொண்டே இருக்கும். குறைந்தது 12 ஆண்டு, ‘எக்ஸ்த்ராவெக்கியோ’ என்றால் 25 ஆண்டு. பிறகு சுவைஞர் குழு தேற்ற வேண்டும். தேறினால், கார் வடிவமைப்பாளர் ஜோர்ஜெத்தோ ஜூஜாரோ வடிவமைத்த 100 மில்லி குண்டுக் குப்பியில் அடைப்பார்கள். இதற்குப் பெயர் அசெத்தோ பால்சமிக்கோ ‘ட்ரதிட்ஸியோனாலே’ தி மோதெனா. இது டி.ஓ.பி.

அந்த நடுச்சொல்லை எடுத்துவிடுங்கள். அசெத்தோ பால்சமிக்கோ தி மோதெனா. இது ஐ.ஜி.பி., 2009-இல் பதிவானது. திராட்சைச் சாறு குறைந்தது 20 சதவீதம், ஒயின் வினிகர் குறைந்தது 10 சதவீதம். நிறம் நிலைக்க 2 சதவீதம் வரை கேரமல் சேர்க்கலாம். மரத்தில் இருக்க வேண்டிய காலம் 60 நாள். திராட்சை ஏழு ரகங்களுக்குள் ஒன்றாக இருந்தால் சரி, எங்கே விளைந்தது என்று விதி கேட்பதில்லை. கலப்பதும் பக்குவப்படுத்துவதும் மோதெனா, ரெஜ்ஜோ எமிலியா மாவட்டங்களில் நடந்தால் போதும். பதிவின்போது ஜெர்மனி, கிரீஸ், பிரான்ஸ் மூன்றும் ஆட்சேபித்தன. ஐரோப்பிய ஆணையம் அசையவில்லை. பெயருக்குப் புகழ் இருக்கிறது, ஐ.ஜி.பி.க்குப் புகழே போதும் என்றது. நாம் சூப்பர் மார்க்கெட்டில் வாங்குவது பெரும்பாலும் இந்தப் பாட்டிலைத்தான்.

இதுவரை கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஐ.ஜி.பி.யின் இலக்கணமே அதுதான். எனக்கு உறுத்துவது வேறொன்று. ஒரு சாதாரண உணவுப் பொட்டலத்தில் ஒரு நாட்டின் பெயரோ கொடியோ போட்டு, முக்கிய மூலப்பொருள் வேறு இடத்திலிருந்து வந்திருந்தால், அதை லேபிளிலேயே சொல்லியாக வேண்டும் என்று ஐரோப்பாவில் ஒரு விதி உண்டு. 2020 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. விலக்குப் பட்டியலில் யார் தெரியுமா? புவிசார் குறியீடு பெற்ற பொருள்கள். ஊர்ப்பெயரை வைத்தே விற்கிற சரக்குக்கு, ஊர்க்கேள்வியிலிருந்து விடுதலை! தனி விதி வரும்வரைதான் இந்த விலக்கு என்பது அப்போது சொன்ன சமாதானம்.

பக்கத்து லொம்பார்டியில் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். வால்தெல்லினா பள்ளத்தாக்கின் பெயரில் ஐ.ஜி.பி. பெற்ற உப்பிட்ட மாட்டிறைச்சி ‘பிரெசவோலா’. அதில் கணிசமான பங்கு பிரேசில் செபு மாட்டின் இறைச்சி. பிரேசிலின் செபுக்களில் பெரும்பான்மை ‘நெலோரே’ இனம். பெயரே சொல்கிறது, ஆந்திரத்து நெல்லூர்க் கரையிலிருந்து கப்பலேறிய ஓங்கோல் மாட்டின் வம்சம். ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கின் குறியீட்டுக்குள் நெல்லூர் ஒளிந்திருப்பதை எந்த லேபிளும் சொல்லாது.

மோதெனா வினிகர் தயாரிப்பாளர்களின் கூட்டமைப்பு தன் பெயரைக் காப்பதில் மட்டும் சளைத்ததில்லை. ஜெர்மனியின் பாடன் பகுதி நிறுவனம் ஒன்று, பாடன் ஒயினில் செய்த வினிகரை ‘பால்சமிக்கோ’ என்று விற்றபோது, நிறுத்தச் சொல்லி எச்சரித்தது. அந்த நிறுவனமோ தன் பக்கம் தவறில்லை என்று அறிவிக்கக் கேட்டு நீதிமன்றம் போனது. 2019 டிசம்பர் 4-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது: முழுப்பெயருக்குத்தான் பாதுகாப்பு, ‘அசெத்தோ’, ‘பால்சமிக்கோ’ தனித்தனியே பொதுச்சொற்கள். தோற்ற மோதெனாவின் பாட்டிலில் எந்த ஊர்த் திராட்சையும் இருக்கலாம். வென்ற ஜெர்மன் பாட்டிலில் இருந்தது சொந்த ஊர் ஒயின்.

புதிய மே 14 விதி இந்த ஊர்க்கேள்வியைத் தீர்க்குமா? உட்பிரிவு கேட்பது “தயாரிப்பாளர் அல்லது தொழில் நடத்துநர்” பெயர். அதாவது, குறியீட்டுக்குரிய பொருள் உருவாகும் கட்டத்துக்கோ முக்கியமான பதப்படுத்தலுக்கோ பொறுப்பானவர். வினிகரில் அது கலந்தவர். திராட்சை வளர்த்தவர் பெயர் எங்கும் வராது.

டி.ஓ.பி. மட்டும் கறாரா என்றால், அங்கும் சந்து உண்டு. பார்மா ஹாமுக்கான பன்றிகள் பத்து இத்தாலிய மாநிலங்களிலிருந்து வரலாம், பழைய பதிவுகளுக்குச் சட்டமே தந்த விலக்கு அது. ஆனால் ஹாமை மெல்லிதாகச் சீவிப் பொட்டலம் கட்டுவது பார்மா வட்டாரத்தில்தான் நடக்க வேண்டும்! 2003-இல் ஒரு பிரிட்டிஷ் சூப்பர் மார்க்கெட் மீதான வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் இந்தக் கத்தி விதியை ஏற்றது. கூடவே, விதியை வெளியாருக்குத் தெரியும்படி அறிவிக்காததால் அவர்கள்மேல் செலுத்த முடியாது என்றும் சொன்னது.

ஒயினில் நடந்தது இன்னும் சாமர்த்தியம். திராட்சை ரகத்தின் பெயரை யாரும் பூட்ட முடியாது, இடப்பெயரைப் பூட்டலாம். 2009-இல் இத்தாலியின் வடகிழக்கில் ‘ப்ரொசெக்கோ’ ரகத்துக்கு ‘க்ளேரா’ என்று பெயர் மாற்றி, ப்ரொசெக்கோவை ஊர்ப்பெயராக்கினார்கள். த்ரியெஸ்தே அருகே அந்தப் பெயரில் ஒரு சிற்றூர் இருந்தது வசதியாகப் போயிற்று. பொலோஞா மலைக்காரர்களும் அதே வழியில் போனார்கள். ‘பிஞொலெத்தோ’ ரகம் ‘க்ரெகெத்தோ ஜென்தீலே’ ஆனது. பிஞொலெத்தோ என்பது வால்சமோஜ்ஜாவில் உள்ள ஒரு குக்கிராமம் என்று நினைவுக்கு வந்தது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

சைவர்கள் பார்மிஜானோ சாப்பிடலாமா? கூடாது, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் விதிப்படி கட்டாயம்.

‘பார்மேசான்’ என்று ஐரோப்பாவில் விற்கலாமா? பார்மிஜானோ அல்லாததை விற்க முடியாது, 2008 தீர்ப்பு.

மே 14 விதி ஒயினுக்கும் உண்டா? இல்லை, அதில் பாட்டிலில் அடைத்தவர் பெயர் ஏற்கெனவே கட்டாயம்.

பார்மிஜானோ சீஸ் செய்வது ஊர்க்காரர் கையால்தானா? மாட்டின் தீவனத்துக்கு விதி உண்டு, மாடு பார்ப்பவருக்கு இல்லை. அங்கே பஞ்சாபிகள் ஏராளம், நொவெல்லாராவில் 2000-இல் பெரிய குருத்வாராவே திறந்தார்கள்.

வினிகர் வாங்கும்போது எதைப் பார்ப்பது? உட்பொருள் பட்டியலை. காய்ச்சிய திராட்சைச் சாறு மட்டும் இருந்தால் ட்ரதிட்ஸியோனாலே. மற்றதில் சாறு முதலில் இருந்தால் இனிப்பு, வினிகர் முதலில் இருந்தால் புளிப்பு.

மே 14-க்குப் பிறகு பழைய லேபிள் பாட்டில் கண்ணில் பட்டால் போலியா? இல்லை. அதற்கு முன் லேபிள் ஒட்டிய சரக்கைத் தீரும்வரை விற்கலாம். அது நெடுநாள் கடையில் நிற்கவும் கூடும்: வினிகருக்குக் காலாவதித் தேதி போட வேண்டும் என்ற கட்டாயம் ஐரோப்பியச் சட்டத்தில் இல்லை.