“படத்தில் ஒன்றுமில்லை!” – இடுப்பு மூட்டு நோவும் எக்ஸ்-கதிர்ப் படமும்

வீட்டில் ஒருவருக்கு இடுப்பு நோவு தோன்றினால் முதலில் தைலம் வரும். பின்னர் ஒத்தணம் வரும். இரண்டிற்கும் அது அடங்காதபோது, “ஒரு படம் எடுத்துப் பார்ப்போம்” என்ற பேச்சு வரும். எடுத்து வந்த எக்ஸ்-கதிர்ப் படத்தை வீட்டிலுள்ளோர் யாவரும் யன்னலோரம் கொண்டுசென்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பர். கறுப்பும் வெள்ளையுமான அந்த நிழலில் தாம் காண்பது யாதென அவர்களுக்கே தெரியாது. ஆயினும், அதனோடு வரும் அறிக்கையின் ஒரு வரியை மட்டும் எல்லோரும் பற்றிக்கொள்வர். “தேய்ந்துவிட்டது” என்றிருந்தால் வீடு முழுவதும் கலங்கும். “ஒன்றுமில்லை” என்றிருந்தால் நோயாளியின் முறைப்பாட்டுக்கு அன்றோடு மதிப்பில்லாமற் போகும். இவ்விரண்டும் தவறு என்பதை நாம் எமது குடும்பத்திலேயே, காலங்கடந்து கற்றுக்கொண்டோம்.

எமது சின்னம்மாவின் மகள் ஒருத்தி நாற்பது வயதை அண்மித்தவள். சிறுநீரக நோய் ஒன்றின் பொருட்டுப் பல ஆண்டுகள் ஸ்டீரொயிட் மாத்திரை உட்கொண்டவள். ஒரு மாரிகாலத்தில் அவளுக்கு வலது தொடைச் சந்தில் நோவு தொடங்கிற்று. படம் எடுக்கப்பட்டது. “படத்தில் ஒன்றுமில்லை, சதைப்பிடிப்புத்தான்” என்று சொல்லி அனுப்பிவிட்டனர். அதன்பின் அவள் நொண்டிய போதெல்லாம், “படத்தில்தான் ஒன்றுமில்லையே, பிள்ளை” என்று வீட்டார் கூறினர். நாமும் கூறினோம். அவள் முறையிடுவதை நிறுத்திக்கொண்டாள், நோவு நிற்கவில்லை. எட்டு மாதம் கழிந்தபின் வேறொரு வைத்தியர், அவள் உட்கொண்ட மாத்திரைகளைப் பற்றிக் கேட்டறிந்து, எம்.ஆர்.ஐ. படம் எடுப்பித்தார். தொடையென்பின் தலைக்கு இரத்த ஓட்டம் குன்றி, அவ்வென்பு உள்ளேயே இறந்துகொண்டிருந்தமை அப்போதுதான் வெளிப்பட்டது.

இதற்கு நேர்மாறானது, எம்மோடு கற்பித்து இளைப்பாறிய கணித ஆசிரியர் ஒருவரின் கதை. அவரது படத்தில் இரண்டு இடுப்பு மூட்டுகளும் வெகுவாகத் தேய்ந்திருந்தன. அறிக்கையை வாசித்த பிள்ளைகள், தந்தையார் இனி நடக்கவே மாட்டார் என்று அஞ்சினர். அவரோ நாள்தோறும் விடியலில் கோயிலுக்கு நடந்து சென்று வருபவர். இடது பக்கத்தில் மட்டும், அதுவும் படி ஏறும்போது மட்டும், அவருக்குச் சிறிது நோவு.

ஒருவரது படம் குற்றமற்றது, நோயோ கடுமையானது. மற்றவரது படம் கடுமையானது, நோவோ சிறியது. இம்முரண்பாடு எவ்வாறு வந்தது?

நிழல் காட்டுவதும் காட்டாததும்

ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் 1895 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆம் நாள் பேராசிரியர் றொண்ட்கன் எக்ஸ்-கதிர்களைக் கண்டார். அடுத்த மாதம் அவர் தம் மனைவியாரின் கையைப் படம் பிடித்தபோது, விரலெலும்புகளும் மோதிரமும் தெளிவாகத் தெரிந்தன. சதையோ புகைபோல் மங்கித் தோன்றிற்று. இன்றைய படங்களின் வலிமையும் குறைபாடும் அந்த முதற் படத்திலேயே அடங்கியுள்ளன. கல்சியம் செறிந்த எலும்பு கதிரைத் தடுக்கும். ஆகவே வெண்மையாகத் தெரியும். சதை, நாண், நரம்பு, கசியிழையம் ஆகியவற்றைக் கதிர் பெரும்பாலும் ஊடுருவிச் சென்றுவிடும்.

இடுப்பு மூட்டு ஒரு பந்துக்கிண்ண மூட்டு என்பதை மாணவர் அறிவர். தொடையென்பின் உருண்டையான தலை, இடுப்பென்பிலுள்ள கிண்ணக்குழியில் பொருந்திச் சுழல்கிறது. இரண்டின் மேலும் வழுவழுப்பான கசியிழையம் போர்த்தியிருக்கும். படத்தில் பந்துக்கும் கிண்ணத்துக்கும் இடையே சில மில்லிமீற்றர் அகலமுள்ள கரிய வெளியொன்று தெரியும். உண்மையில் அது வெளியன்று; கண்ணுக்குத் தெரியாத கசியிழையமே அங்கு இருக்கிறது. வைத்தியர் அந்த வெளியின் அகலத்தைக் கொண்டே, தெரியாத கசியிழையத்தின் தடிப்பை அனுமானிக்கின்றார்.

தேய்மான மூட்டுவாதத்தில் அவர் நான்கு குறிகளைத் தேடுவார். முதலாவது, மேற்கூறிய இடைவெளி ஒடுங்குதல். இரண்டாவது, மூட்டின் ஓரங்களில் எலும்பு முளைகள் தோன்றுதல். மூன்றாவது, கசியிழையத்தின் கீழுள்ள எலும்பு சுமை தாங்கித் தாங்கி இறுகி, மிகுந்த வெண்மையாகத் தெரிதல். நான்காவது, அவ்வெலும்பினுள் சிறு குழிகள் உண்டாதல். கெல்கிரன், லோறன்ஸ் என்னும் வைத்தியர் இருவர் 1957 ஆம் ஆண்டில் இக்குறிகளை அளவிட்டுப் பூச்சியம் முதல் 4 வரை தரப்படுத்தினர். அம்முறை இன்றும் வழக்கிலுள்ளது. அறிக்கையில் “தரம் 3” என்று கண்டால் அதன் பொருள் இதுவே. அது மூட்டின் உருவத்துக்கு இட்ட புள்ளி. நோயாளியின் வேதனைக்கு இட்ட புள்ளியன்று.

வேதனையும் படமும் எவ்வளவு தூரம் விலகி நிற்கக்கூடும் என்பதற்கு ஓர் ஆய்வு சான்று. அமெரிக்காவின் பிரேமிங்காம் என்னும் ஊர் மக்களின் இடுப்புகளைப் படமெடுத்து ஆராய்ந்தோர் 2015 ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். அடிக்கடி நோவு உண்டென்று கூறியோரின் இடுப்புகளில் 100க்கு ஏறத்தாழ 16 மட்டுமே படத்தில் தேய்வைக் காட்டின. மறுபுறத்தில், தேய்வு காட்டிய இடுப்புகளில் 100க்கு ஏறத்தாழ 21 மட்டுமே அடிக்கடி நோவு தந்தன. எமது தங்கையும் கணித ஆசிரியரும் விதிவிலக்குகள் அல்லர் என்பது இதனால் விளங்கும்.

நோவு எங்கே இருக்கிறது?

ஆகவே, படத்தைப் பார்ப்பதற்கு முன் நோவின் இடத்தைப் பார்த்தல் வேண்டும். எமது பேச்சு வழக்கில் “நாரி நோகிறது” என்ற ஒரு சொல்லே முதுகின் அடிப்பாகம் தொடக்கம் பிட்டம் வரை அனைத்தையும் குறித்துவிடுகிறது. வைத்தியருக்கு இது போதாது. இடுப்பு மூட்டின் நோவு பெரும்பாலும் முன்புறத்தில், தொடைச் சந்தில் தெரியும். தொடையின் முன்பக்கமாக முழங்கால் வரையும் இறங்கும். சப்பாணி கட்டி இருக்கவும், குந்தவும், காலைத் தூக்கிச் சப்பாத்து மாட்டவும் இயலாதிருத்தல் அதன் அடையாளங்கள். இடுப்பின் வெளிப்புறத்தில், அப்பக்கம் சரிந்து படுக்கும்போது மிகும் நோவு, அங்குள்ள தசைநாண்களிலிருந்து வருவது பெரும்பான்மை. பிட்டத்தில் தொடங்கிக் காலின் பின்புறமாக விறுவிறுத்து இறங்கும் நோவு முதுகெலும்பின் நரம்பைச் சார்ந்ததாகலாம். முதுகிலிருந்து வரும் நோவுக்கு இடுப்பைப் படமெடுத்து, அதிற் கண்ட சிறு தேய்வின்மேற் பழியைப் போடுதல் பலருக்கும் நேர்கின்ற பிழை.

சில வேளைகளில் தாமதம் கூடாது. முதியவர் விழுந்தபின் காலை ஊன்ற இயலாதிருந்தால், முதற் படத்தில் முறிவு தெரியாவிடினும், மேலும் ஆராய்தல் வேண்டும். நோவுடன் காய்ச்சல் இருப்பின் மூட்டில் கிருமி புகுந்திருக்கலாம். இரவில் உறங்கவிடாத நோவும் காரணமின்றி உடல் மெலிதலும் சேர்ந்துவரின் அதனையும் புறக்கணித்தலாகாது. ஸ்டீரொயிட் மாத்திரையை நெடுங்காலம் உட்கொண்டோர்க்கும் மதுபானம் மிகுதியாக அருந்துவோர்க்கும் தொடையென்பின் தலை இரத்தமின்றி இறக்கும் நோய் வரக்கூடும். அதன் தொடக்கத்தில் எக்ஸ்-கதிர்ப் படம் குற்றமின்றியே தோன்றும், எம்.ஆர்.ஐ. படமே அதனைக் காட்டும்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. பிள்ளையொன்று முழங்கால் நோவென்று சொல்லி நொண்டினால், முழங்காலை மட்டும் பார்த்துவிட்டு அமையாதீர்கள். நான்கு முதல் எட்டு வயது வரையிலுள்ள சிறுவரிடத்தும், பருவமடையும் வயதினரிடத்தும், இடுப்பு மூட்டில் எழும் கோளாறுகள் சில முழங்கால் நோவாகவே வெளிப்படுவதுண்டு.

ஊன்றுகோல் எந்தக் கையில்?

தேய்மான மூட்டுவாதமெனத் தெளிந்தபின் செய்யத்தக்கவை எவை? தேய்ந்த கசியிழையத்தை மீண்டும் வளர்விக்கும் மருந்து எதுவும் இன்றுவரை உறுதிப்படவில்லை. ஆனால் நோவைக் குறைத்து நடமாட வைக்கும் வழிகள் பலவுண்டு.

அவற்றுள் எளியது ஊன்றுகோல். நோகின்ற பக்கத்திலேயே அதனைப் பிடிப்போர் பலர், அது தவறு. எமது கிணற்றடித் துலாவை நினைத்துப் பாருங்கள். வாளி தொங்கும் நீண்ட புயத்தைச் சமன்செய்யக் குறுகிய புயத்திற் பாரமான கல்லைக் கட்டுகிறோம். நாம் ஒற்றைக்காலில் நிற்கும்போது இடுப்பு மூட்டே அந்தத் துலாவின் சுழலிடம். உடலின் பாரம் நீண்ட புயத்தில் தொங்குகிறது. குறுகிய புயத்தில் பிட்டத்தின் பக்கத்தசைகள் இழுத்துச் சமன்செய்கின்றன. பாரமும் இழுப்பும் ஆகிய இரண்டையும் மூட்டே தாங்குவதால், 60 கிலோகிராம் நிறையுள்ளவர் அடியெடுத்து வைக்கும்போது அவரது இடுப்பு மூட்டில் 150 கிலோகிராமுக்கும் மேற்பட்ட சுமை விழுகிறது. ஊன்றுகோலை எதிர்க்கையிற் பிடித்தால், நீண்ட புயத்தின் பக்கமே தாங்கல் கிடைத்துத் தசையின் இழுப்பு தணியும். மூட்டின் சுமையும் பெரிதும் குறையும். உடல் நிறையைக் குறைப்பதால் வரும் நன்மையும் இக்கணக்கிலேயே விளங்கும்: ஒரு கிலோ குறைந்தால் மூட்டுக்கு இரண்டரைக் கிலோ குறைகிறது.

அடுத்தது பயிற்சி. “தேய்ந்த மூட்டை அசைத்தால் இன்னும் தேயும்” என்ற அச்சம் ஆதாரமற்றது. அசையாதிருந்தால் பக்கத்தசைகள் மெலிந்து மூட்டு மேலும் தளரும். உடலியக்கச் சிகிச்சையாளர் காட்டித்தரும் பயிற்சிகளை நாள்தோறும் செய்தலும், இயன்ற தூரம் நடத்தலும், நீந்துதலும் நன்று.

மருந்துகளைப் பொறுத்தவரை, பரசிற்றமோலின் பயன் சிறிதே. இபுப்புரோபன், டைக்குளோபினக் போன்றவை கூடிய பயன் தருவன. ஆயினும் இரைப்பைப் புண்ணுக்கும் சிறுநீரகக் கேட்டுக்கும் இரத்த அழுத்த உயர்வுக்கும் வழிவகுக்கக்கூடியவை. அவற்றைக் கடையிற் தாமே வாங்கி மாதக்கணக்கில் விழுங்குதல் ஆபத்து. இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதாற் தைலம் அதனை எட்டுவதரிது. மூட்டினுள் ஏற்றும் ஸ்டீரொயிட் ஊசி சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ ஆறுதல் தரலாம்.

மூட்டு மாற்றல்

இவை யாவும் செய்தும், நோவினால் உறக்கம் கெட்டு, நடை குன்றி, அன்றாட வாழ்வு முடங்கும் நிலை வரின் சத்திரசிகிச்சையைப் பற்றிச் சிந்திக்கலாம். அதனை இன்றைய நிலைக்குக் கொணர்ந்தவர் இங்கிலாந்தின் றைற்றிங்டன் வைத்தியசாலையிற் பணியாற்றிய ஜோன் சான்லி. அவர் முதலில் டெப்லோன் என்னும் பொருளாற் கிண்ணம் செய்து ஏறக்குறைய 300 பேருக்குப் பொருத்தினார். தொடக்கத்தில் யாவரும் நலமாக நடந்தனர். சில ஆண்டுகளில் கிண்ணங்கள் தேய்ந்து, அவற்றின் துகள்கள் சுற்றியிருந்த இழையங்களைக் கெடுத்தன. அவர் மனமுடைந்தும் பின்வாங்கவில்லை. தேய்வைத் தாங்கும் உறுதிவாய்ந்த பொலித்தீன் வகையொன்றைச் சோதித்தபின், 1962 ஆம் ஆண்டு நவம்பரில் அதனாற் செய்த கிண்ணத்தை உலோகப் பந்தோடு பொருத்தினார். அம்முறை நிலைத்தது.

பல நாடுகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2019 ஆம் ஆண்டில் வெளியான கணிப்பின்படி, பொருத்தப்பட்ட இடுப்பு மூட்டுகளில் 100க்கு ஏறத்தாழ 58, 25 ஆண்டுகள் நிலைக்கின்றன. எனினும் கிருமித் தொற்று, காலின் நாளங்களில் இரத்தம் உறைதல், பந்து கிண்ணத்தை விட்டு நழுவுதல், கால்களின் நீளம் சிறிது வேறுபடுதல் ஆகியன நேரக்கூடியவை. தரையிற் சப்பாணி கட்டி இருக்கும், குந்தி வேலைசெய்யும் வழக்கமுள்ள வீட்டார், உயர்ந்த கதிரையும் உயர்ந்த மலகூட இருக்கையும் முன்கூட்டியே ஆயத்தஞ் செய்தல் நலம்.

வைத்தியரிடம் செல்லும்போது படத்தோடு நான்கு விடயங்களையும் கொண்டு செல்லுங்கள்: நோவு எந்த இடத்தில், எப்போது மிகுகிறது, முன்பு செய்ய முடிந்து இன்று செய்ய முடியாதது எது, உட்கொண்ட, உட்கொள்ளும் மருந்துகள் எவை. “படத்தில் ஒன்றுமில்லை” என்றால், “அவ்வாறாயின் இந்நோவு எதனால்?” என்று பணிவோடு கேளுங்கள். “தேய்ந்துவிட்டது” என்றால், “இந்நோவுக்கு அத்தேய்வே காரணமா?” என்று கேளுங்கள்.

கணித ஆசிரியர் இப்பொழுது வலக்கையில் ஊன்றுகோல் பிடித்துக் கோயிலுக்குச் செல்கிறார். எமது தங்கைக்கோ எலும்பின் தலை குழிந்துவிட்டிருந்தமையால் மூட்டு மாற்ற வேண்டியதாயிற்று. முந்தியே கண்டிருந்தாலும் அதனைக் காத்திருக்கலாமென உறுதி கூற இயலாது என்றார் வைத்தியர். அது எமக்கு ஓரளவு ஆறுதல். ஆனால் அந்த எட்டு மாதமும் அவள் தன் நோவைத் தனியே சுமந்தாளே, அதற்கு ஆறுதல் இல்லை. சத்திரசிகிச்சையின் பின் முதன்முறை எம் வீட்டுப் படியை நொண்டாது ஏறி வந்தவள், “அண்ணா, இப்ப படத்திலை இரும்பு தெரியுது; இனியாவது நம்புவியளோ?” என்று சிரித்தாள். நாமும் சிரித்தோம், ஆனால் அவள் முகத்தை நேரே பார்க்க எம்மால் இயலவில்லை.