கணக்குத் தெரிந்தவரே செயலி செய்யலாம்

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வத்தலை அபிராமத்தில் வாங்கி விற்கும் ஒரு வியாபாரியின் சிட்டையை எடுத்துக்கொள்வோம். விவசாயி பெயர், மூட்டை எடை, சாக்குக் கழிவு, கிலோ விலை, தரகு, ஏற்கெனவே கொடுத்த முன்பணம் என்று வரி போகும். எடையில் சாக்கைக் கழித்தால் நிகர எடை. அதை விலையால் பெருக்கினால் தொகை. தரகும் முன்பணமும் போக மிச்சம் விவசாயிக்கு. இந்த விதிகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இவற்றைச் செயலியாக்க அவர் நிரல் எழுதப் படிக்க வேண்டியதில்லை. விதிகளைப் பிசிறில்லாமல் சொன்னாலே போதும், எதை முதலில் கணக்கிடுவது என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்பதே என் கட்சி.

இது வெறும் ஆசை வார்த்தை அல்ல. 1970-இல் ஐபிஎம்மின் எட்கர் காட் தரவுகளை அட்டவணைகளாகப் பார்க்கும் முறையை முன்வைத்தார். அதிலிருந்து பிறந்த எஸ்க்யூஎல் மொழியில் என்ன வேண்டும் என்று கேட்டால் போதும். தேடும் வழியைக் கணினியே வகுத்துக்கொள்ளும். 1979-இல் டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க் இதே வசதியைக் கணக்கெழுதுபவர் மேசைக்குக் கொண்டுவந்தது. எக்செல் அதன் வாரிசு. 42 கிலோவை 24 என்று போட்டுவிட்டால் அந்த ஒரு கட்டத்தைத் திருத்தினால் போதும். தொகை, தரகு, மிச்சம் எல்லாம் தாமாகவே மாறும். படிப்படியாகக் கட்டளையிடும் நிரலிலோ, எது மாறினால் எதையெல்லாம் மறுபடி கணக்கிட வேண்டும் என்று எழுதுபவரே யோசித்து வைக்க வேண்டும். ஒன்றை மறந்தாலும் பிழைதான். இன்று ஸோஹோ என்று அறியப்படும் சென்னை நிறுவனம் 2006-இல் கொண்டுவந்த கிரியேட்டர், விதியைச் சொன்னால் போதும் என்ற வழியில் படிவங்களையும் சூத்திரங்களையும் கொண்டே செயலி அமைக்க விடுகிறது. விதி மட்டும் போதாத இடத்துக்கு டெலூஜ் என்ற நிரல்மொழியையும் வைத்திருக்கிறது.

விளையாட்டுச் செயலியையோ படங்களை அலசும் மென்பொருளையோ இப்படிச் செய்ய முடியாதே என்பார்கள். உண்மைதான். ஆனால் கடைக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் தேவைப்படுவது பெரும்பாலும் அட்டவணையும் விதியும்தான். இதைவிடக் கனமான ஆட்சேபம், பயிற்சியில்லாதவர் தப்பான விதியை எழுதிவிடுவார் என்பது. பயிற்சியுள்ளவர்களும் எழுதியிருக்கிறார்கள். பொருளியல் அறிஞர்கள் ரைன்ஹார்ட், ரோகாஃப் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் ஓர் எக்செல் சூத்திரம் ஐந்து நாடுகளை விட்டுவிட்டது. 2013-இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அந்த எக்செல் கோப்பைப் பார்த்தபிறகே அது வெளிப்பட்டது. சூத்திரம் கட்டத்துக்குள் ஒளிந்திருப்பது எக்செல்லின் பெரிய குறை. எம்ஐடியின் டேனியல் ஜாக்சன் உருவாக்கிய அலாய் என்ற மொழி தப்பான விதியைக் கண்டுபிடிக்க வழி காட்டுகிறது. விதிகளைக் கொடுத்தால், அவற்றை மீறாமலேயே நடக்கக்கூடிய விபரீதத்தைச் சின்னச் சின்ன உதாரணங்களில் தேடிப் பிடித்துக் காட்டும். ஒரே மூட்டை இரண்டு விவசாயிகள் பெயரில் ஏறலாம் என்று அது காட்டினால், விட்டுப்போன விதி எது என்று வியாபாரிக்கு உடனே விளங்கிவிடும். அந்தத் திறனை அவர் கைக்கு எட்டும் செயலிகளில் சேர்ப்பது அவசரத் தேவை. கூடவே இன்னொன்றையும் கேட்டு வாங்க வேண்டும். இத்தகைய செயலிச் சேவையைவிட்டு விலகும்போது பெரும்பாலும் தரவு மட்டுமே கைக்கு வருகிறது. அவர் எழுதிய விதிகளும் படிக்கக்கூடிய வடிவில் அவரிடமே திரும்பி வர வேண்டும்.