மீனின் பெயர் பாதி விலாசம்

ஹெப்பாளில் நின்று கடலைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் வேடிக்கைதான். மைசூரின் வடமேற்கு விளிம்பில் இருக்கும் இந்தத் தொழிற்பேட்டையில் ஏரி உண்டு, இன்ஃபோசிஸின் பிரம்மாண்டமான பயிற்சி வளாகம் உண்டு, உப்புக்காற்று கிடையாது. குடகு வழியாக மங்களூருக்குச் சாலையில் சுமார் 250 கிலோமீட்டர். அந்தக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் ஏறி வரும் பங்குடே, பூத்தாய், அஞ்சல்தான் ஊருக்குப் பழக்கமான கடல்மீன்கள். நம் பேச்சில் அவை கானாங்கெளுத்தி, மத்தி, வஞ்சிரம். இப்போது நாடெங்குமிருந்து பயிற்சிக்கு வந்து சேரும் இளைஞர்களின் கைபேசியில் சுஷியும் சேர்ந்துவிட்டது. சால்மன், டூனா, இறால், உனாகி என்கிற விலாங்கு. கடலுக்குக் கெடுதல் செய்யாமல் சாப்பிட நினைக்கிறவர் இந்தப் பட்டியலில் எதைத் தொடலாம்?

பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மீனின் பெயர் பாதி விலாசம்தான். எந்தக் கடல், எந்த மாதம், என்ன அளவு, எல்லாவற்றுக்கும் மேலாக எந்த வலை, எந்தத் தூண்டில் என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது.

டூனாவையே எடுத்துக்கொள்வோம். அது நம் சூரை. பல இனங்கள் உண்டு. உலகம் அடித்துக்கொள்வது நீலத்துடுப்புச் சூரைக்கு. ஒருகாலத்தில் கனடாவின் அட்லாண்டிக் கரையில் அதை விளையாட்டுக்காகப் பிடிப்பார்கள், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், பிறகு குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள். ஜப்பானிலிருந்து சரக்கு ஏற்றிச் சென்ற விமானங்கள் காலியாகத் திரும்புகின்றனவே என்று ஜப்பான் ஏர்லைன்ஸ் ஊழியர் அகிரா ஒகசாகிக்கு ஒரு யோசனை வந்தது. 1972 ஆகஸ்ட் 14 அன்று கனடாவின் மீன் டோக்கியோ ட்சுகிஜி சந்தையில் ஏலத்துக்கு வந்தது. 2019 ஜனவரியில் அதே ஊரில் 278 கிலோ எடையுள்ள ஒரே ஒரு மீன் 33.36 கோடி யென்னுக்குப் போனது. இடைப்பட்ட காலத்தில் கனடா பக்கத்து அட்லாண்டிக் இனம் அழிவின் விளிம்புக்குப் போய், பிடிப்பளவைக் கறாராகக் கட்டுப்படுத்தியதால் மீண்டது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2021இல் அதைக் கவலை குறைந்த பிரிவுக்கு மாற்றியது. ஜாவாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே மட்டும் முட்டையிடும் தென்கடல் நீலத்துடுப்போ இன்னும் ஆபத்துப் பட்டியலில்தான். தட்டில் இரண்டுக்கும் பெயர் ஒன்றே.

நம் இந்தியப் பெருங்கடலில் கதை வேறு. இங்கே மஞ்சள்துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுவதாக இந்தியப் பெருங்கடல் டூனா ஆணையம் 2015இல் எச்சரித்தது; 2024 மதிப்பீடு சற்று ஆறுதலாக வந்தது. சிக்கலின் பெரும்பங்கு மிதவைகளில் இருக்கிறது. நடுக்கடலில் எதுவாவது மிதந்தால் அதன் நிழலடியில் மீன் கூடும். ஏன் கூடுகிறது என்பதற்கு முழு விளக்கம் இன்றும் இல்லை. ஆனால் கப்பல்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கருவி பொருத்திய மிதவையைக் கடலில் விட்டு, அடியில் கூட்டம் சேர்ந்ததும் சுற்றி வளைத்துச் சுருக்குமடி போடுகிறார்கள். வரிச்சூரையோடு, வளர வேண்டிய மஞ்சள்துடுப்புக் குஞ்சுகளும் சுறாக்களும் அதில் வந்துவிடுகின்றன.

அதே வரிச்சூரையை மினிக்காய் தீவிலும் மாலத்தீவிலும் பிடிக்கிற விதம் இருக்கிறதே, அதைப் பார்க்க வேண்டும். காயலில் பிடித்த பொடி மீன்களை உயிரோடு படகில் வைத்துக்கொண்டு போவார்கள். கூட்டத்தைக் கண்டதும் அவற்றை வாரி இறைப்பார்கள். கூடவே படகிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சியடிப்பார்கள். நீர்ப்பரப்பு துள்ள, பெரிய இரைக் கூட்டம் என்று நினைத்துச் சூரை வெறிகொண்டு பாயும். வரிசையாக நிற்கும் ஆட்கள் கழியில் கட்டிய முள்ளை நீரில் தொட்டு எடுப்பார்கள். முள்ளில் எதிர்க்கொக்கி கிடையாது. ஆகவே மேலே வந்த மீன் தானே கழன்று தளத்தில் விழும். ஒரு கழிக்கு ஒரு மீன். ஆமை மாட்டாது, ஓங்கில் மாட்டாது. கடலைக் கெடுக்காத மீன்பிடிப்புக்கு மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில் தரும் சான்று மாலத்தீவின் இந்தக் கழித்தூண்டில் சூரைக்கு 2012இல் கிடைத்தது. குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன்: இரைக்கான பொடி மீன் பவளத்திட்டுகளிலிருந்துதான் வர வேண்டும், அது எப்போதும் போதுமான அளவு கிடைப்பதில்லை.

இந்த வரிச்சூரையை வேகவைத்து, புகையூட்டி, கல்லாகக் காயவைத்தால் மாசிக்கருவாடு. இலங்கைச் சம்பலுக்கு அது இல்லாமல் முடியாது. ஜப்பானியர் ஏறக்குறைய அதே மீனை, ஏறக்குறைய அதே முறையில் காயவைத்துச் சீவி, கட்சுவோபுஷி என்கிறார்கள்; அவர்களுடைய பெரும்பாலான சாறுகளுக்கு அடித்தளம் அதுதான். சுஷி நமக்கு அந்நியம் என்று நினைப்பவர்கள் மாசிச் சம்பலை ஒருமுறை முகர்ந்து பார்க்கலாம்.

சால்மன் நார்வேயின் கொடை. பசிபிக் சால்மனில் ஒட்டுண்ணிப் புழு இருக்கும் என்பதால் ஜப்பானியர் அதைப் பச்சையாகத் தின்னும் வழக்கமே இல்லை. 1980களில் நார்வே, பண்ணையில் தீவனம் போட்டு வளர்த்த தன் சால்மனை விடாமல் விளம்பரம் செய்து சுஷிக்குள் புகுத்தியது. பண்ணைமீன் என்றால் கடல் பிழைத்தது என்று தோன்றும். ஆனால் சால்மன் மீன் தின்னி. 1990இல் அதன் தீவனத்தில் 90 சதவீதத்துக்கு அருகில் மீன்தூளும் மீன் எண்ணெயும்தான்; 2020இல் அது 22 சதவீத அளவுக்கு இறங்கி, சோயாவும் பிற தாவரப் பொருளும் இடம்பிடித்தன. கடல்சுமை காட்டுக்கும் வயலுக்கும் மாறியது என்றும் இதைச் சொல்லலாம்.

நார்வேக்கும் நமக்கும் வேறொரு கணக்கும் இருக்கிறது. 1952இல் கையெழுத்தான இந்தோ-நார்வே திட்டம் கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் காலூன்றியது. விசைப்படகும் இழுவலையும் இந்தக் கரையில் பரவ அது பெரிய காரணம். இழுவலை கடலடியைத் துடைத்துக்கொண்டு போகும். இறாலுக்காகப் போட்ட வலையில் இறாலைவிடக் கழிவு மீன் அதிகம் வருவது சாதாரணம், ஆமைகளும் சிக்கும். ஆமை தப்பும் பொறி வலைகளில் இல்லை என்பதால்தான் 2019இல் அமெரிக்கா நம் கடலிறாலுக்குத் தடை போட்டது. கழிவு மீனும் வீணாவதில்லை என்று சொல்வார்கள். மங்களூர், உடுப்பிக் கரையோர மீன்தூள் ஆலைகளுக்குப் போகிறது. என்னைக் கேட்டால் அதுதான் ஆபத்து. குஞ்சுக்கும் விலை உண்டு என்றானபின் யார் அதைத் திருப்பிக் கடலில் விடுவார்?

அந்த ஆலைகள் மத்தியையும் அரைக்கின்றன. மத்தியின் வாழ்க்கை பருவமழையோடு பின்னியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று மேற்குக் கரையை ஒட்டி வீசும்போது, பூமியின் சுழற்சியால் மேல்நீர் கரையை விட்டு விலகும். அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் எழும். அதில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிறைந்திருக்கும். வெயில் பட்டதும் நுண்பாசிகள் பெருகிக் கடல் குழம்புபோலாகும். மத்தி முட்டையிடுவது அந்த நேரம் பார்த்துத்தான். மழையோ நீரெழுச்சியோ கொஞ்சம் தடுமாறினால், அதே ஆண்டு குஞ்சுகளையும் நாம் வாரிக்கொண்டால், கணக்கு உடைந்துவிடும். கேரளத்தில் 2012இல் ஏறக்குறைய 3.9 லட்சம் டன் மத்தி கரையேறியது. 2021இல் 3,297 டன். பிறகு மீண்டும் லட்சத்தைத் தாண்டியது. இந்த ஏற்ற இறக்கம் முழுவதும் மனிதன் செய்ததல்ல. ஆனாலும் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரைப்படி 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியையும் 14க்குக் குறைந்த கானாங்கெளுத்தியையும் பிடிக்கக் கூடாது என்று கேரளம் 2015இல் விதி செய்தது காரணத்தோடுதான்.

விலாங்குக்கு அதிக யோசனை வேண்டாம், தவிர்த்துவிடலாம். ஜப்பானிய விலாங்கு 2014 முதல் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது. மரியானா தீவுகளுக்கு மேற்கே நடுக்கடலில் பிறந்து ஆற்றை நோக்கி வரும் கண்ணாடிக் குஞ்சுகளைப் பிடித்துத்தான் பண்ணையில் வளர்க்கிறார்கள். அங்கே பண்ணை என்பது கொழுக்கவைக்கும் இடம் மட்டுமே.

நல்ல செய்தி நீண்டகரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அஷ்டமுடிக் காயலின் மட்டி 1991இல் சுமார் 10,000 டன் கிடைத்து, ஏற்றுமதி ஆசையில் இரண்டே ஆண்டில் பாதியாகச் சரிந்தது. அதன்பின் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுப்பதில்லை, சின்னதைத் தொடுவதில்லை என்று கட்டுப்பாடு வந்தது. 2014 நவம்பரில் இந்தியாவின் முதல் மரைன் ஸ்டூவர்ட்ஷிப் சான்று இந்த மட்டிக்குத்தான் கிடைத்தது. மட்டிக்குத் தீவனமும் வேண்டாம். காயல் நீரை வடிகட்டியே வளர்ந்துவிடும்.

எந்த மீனை வாங்கலாம் என்று சொல்லும் வழிகாட்டியை அமெரிக்காவின் மான்டெரே பே அக்வாரியம் 1999 முதல் தருகிறது. நம் கரைக்கு அது பொருந்தாது; கடல் ஆய்வாளர் திவ்யா கர்ணாட் துணைநிறுவிய இன்சீசன் ஃபிஷ், எந்த மாதம் எதைத் தவிர்க்கலாம் என்று இந்திய மீன்களுக்கே சொல்கிறது. மைசூர்ச் சமையல்காரர் ஒருவர் துணிந்தால் வினிகரில் ஊறிய கானாங்கெளுத்தி சுஷி செய்யலாம். ஜப்பானில் சபா என்று அதற்கு உறவுக்கார மீன் உண்டு. வீட்டில் முயல வேண்டாம். படகிலிருந்தே ஐஸில் இல்லாத கானாங்கெளுத்தியில் ஹிஸ்டமின் சேரும். வேகவைத்தாலும் அது போகாது.

மைசூருக்கு இரண்டு கரையும் எட்டும் என்பது ஒரு வசதி. கிழக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. ஜூன் மாதத்தின் முதல் 14 நாள்கள் இரண்டு கரையும் மூடியிருக்கும்; அப்போது வருவது நாட்டுப்படகு மீன், அல்லது குளிர்பதனக் கிடங்கு மீன். எதுவென்று மீன்கடைக்காரரிடம் கேட்டால் சொல்லிவிடுவார், கைபேசிச் செயலிக்குத்தான் தெரியாது. அந்த நாள்களில் சுஷி வேண்டுமென்றால் வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டியது கிடைக்கும். சுற்றியிருக்கும் நோரி ஒரு கடற்பாசி. அதன் வாழ்க்கையின் ஒரு பகுதி சிப்பி ஓட்டுக்குள் கழிகிறது என்று 1949இல் மான்செஸ்டரின் கேத்லீன் ட்ரூ-பேக்கர் கண்டுபிடிக்கும்வரை, அதன் விதை எங்கிருந்து வருகிறது என்று ஜப்பானியருக்கே தெரியாது.