காற்றுத் துப்பாக்கியின் வேகக் கணக்கு

சென்னை பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையின் பலூன் சுடும் கடையில் காற்றுத் துப்பாக்கியைக் கிட்டத்தில் பார்க்கலாம். கடைக்காரர் குழலைப் பிடித்துக் கீழே மடக்குகிறார். உள்ளே ‘டக்’கென்று கொக்கி விழுகிறது. சின்ன ஈயக் குண்டு ஒன்றைக் கட்டைவிரலால் குழலின் வாயில் அழுத்தி, குழலை நிமிர்த்தி, வாடிக்கையாளரிடம் நீட்டுகிறார். வெடிமருந்து துளியும் கிடையாது. மடக்கும்போது கை செலவழித்த பலம்தான் குண்டைத் தள்ளப்போகிறது.

மடங்கும் குழல் ஒரு நெம்புகோல். அது உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை பிஸ்டனோடு சேர்த்துப் பின்னுக்குத் தள்ளிக் கொக்கியில் மாட்டிவிடுகிறது. டிரிகரை இழுத்ததும் ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனை முன்னே விரட்டும். பிஸ்டனுக்கு முன்னால் இருக்கும் காற்று நெரிபட்டுச் சூடாகி, வேறு போக்கிடம் இல்லாமல் குண்டின் பின்புறத்தை உதைக்கும். எல்லாமே கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஏர் ரைஃபிள் என்கிற இந்தக் காற்றுத் துப்பாக்கியை வாங்கியவர்களுக்குச் சீக்கிரமே ஓர் ஆசை வருகிறது: இதன் வேகத்தைக் கூட்ட முடியாதா? முதலில் தோன்றும் வழி, இன்னும் முரட்டு ஸ்பிரிங். ஆனால் வேகம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் குண்டுக்கு நான்கு மடங்கு ஆற்றல் தர வேண்டும். சிலிண்டருக்குள் அடைபடும் காற்றின் அளவோ மாறவே இல்லை. அந்தக் காற்றைத்தான் நெரிக்க முடியும் என்பதால், ஒரு கட்டத்துக்கு மேல் கூடுதல் பலம் குண்டுக்குப் போவதில்லை. துப்பாக்கியின் உதறலாகவும் பாகங்களின் தேய்மானமாகவும் அது வீணாகிறது.

இந்த உதறலைக் கவனிக்க வேண்டும். பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே தள்ளும். நெரிந்த காற்றில் மோதிப் பிஸ்டன் நிற்கும்போது துப்பாக்கி முன்னே இழுக்கும். குண்டு இன்னும் குழலை விட்டு முழுசாக வெளியேறுவதற்குள் இந்தத் தள்ளாட்டம் தொடங்கிவிடுகிறது. ஸ்பிரிங் முரடாக முரடாகக் குறி சிதறுவதற்கு இதுதான் காரணம். சிலிண்டருக்குள் எண்ணெய் கசியும்போது இன்னொரு ஆபத்து. சூடான காற்றில் எண்ணெய் பற்றிக்கொண்டு, டீசல் இன்ஜினில் நடப்பது போலவே குட்டி வெடிப்பு நடக்கும். அன்றைக்கு வேகம் கூடும். ஆனால் ஸ்பிரிங்கும் பிஸ்டன் முனையின் வாஷரும் சீக்கிரம் பாழாகும்.

குண்டின் வடிவமும் ஓர் எல்லை போடுகிறது. முன்னால் தலை, பின்னால் குழிந்த பாவாடை, நடுவில் சிறுத்த இடை என்று உடுக்கை போல இருக்கும் இந்த 4.5 மி.மீ. குண்டு, ஒலியைவிட மெதுவாகப் போவதற்காகவே செய்யப்பட்டது. சென்னையின் 30 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 349 மீட்டர். அந்த வேகத்தை நெருங்கும்போது குண்டைச் சுற்றி ஓடும் காற்று குழம்பி, குண்டு ஆட ஆரம்பிக்கிறது. அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிடும் வேகம் பெரும்பாலும் எடை குறைந்த குண்டைப் போட்டு அளந்தது. அந்த எண்ணைப் பார்த்துத் துப்பாக்கி வாங்குவது பணத்துக்கும் நல்லதல்ல, குறிக்கும் நல்லதல்ல.

இதற்கு உலகப் போட்டிகளே சாட்சி. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் சுடும் துப்பாக்கியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 170 மீட்டர்தான். ஆற்றல் சுமார் 8 ஜூல். ஸ்பிரிங்குக்குப் பதிலாக 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்த உருளை இருக்கும். ஒவ்வொரு முறையும் அளந்த ஒரே அளவு காற்றைத் திறந்துவிடுவதால் உதறல் ஏறக்குறைய இல்லை. குண்டு இலக்கைத் தொட 0.06 விநாடி ஆகும். அதற்குள் ஈர்ப்பு விசை அதை 17 மி.மீ. கீழே இழுத்துவிடும். வேகத்தை 240 மீட்டராக்கினால் இறக்கம் 9 மி.மீ.க்குள் வந்துவிடும். இதில் லாபம் ஒன்றுமில்லை. எந்த இறக்கமானாலும் பார்வைக்குறியை ஒருமுறை திருகிச் சரி செய்துவிடலாம். முக்கியம் குறி சிதறாததுதான்: அங்கே பத்துப் புள்ளிக்கான வட்டத்தின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. 2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா 10.8 புள்ளிக்குக் கடைசிக் குண்டைச் சுட்டு, தனிநபர் போட்டியில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை எடுத்தது இதே மெதுவான துப்பாக்கியில். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் லண்டனில் வெண்கலம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் களம் இறங்கியதும் இந்தப் பிரிவில்தான்.

தென்சென்னைக்காரர்களுக்கு இந்த விளையாட்டு தூரத்தில் இல்லை. வேளச்சேரி குருநானக் கல்லூரியில் துப்பாக்கி சுடும் தளம் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது துப்பாக்கி சுடுதல் அங்கேதான் நடந்தது.

வீட்டு மாடியில் சுடுவது வேறு சமாச்சாரம். தாம்பரம், மேடவாக்கம் போல மாடியும் மாடியும் ஒட்டிய இடத்தில் குறி தப்பிய குண்டு எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. பலூன் கடைத் துப்பாக்கியே கண்ணைக் குருடாக்கிவிடும். பள்ளிக்கரணைச் சதுப்பிலும் நன்மங்கலம் காட்டிலும் இருக்கும் பறவைகளைச் சுடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். ஆயுத விதிகள் 2016, 20 ஜூலுக்கு மேல் போகும் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் கேட்கின்றன. சுமார் அரை கிராம் குண்டுக்கு அந்தக் கோடு விநாடிக்கு 280 மீட்டர் வாக்கில் வந்துவிடும். வேகத்தைக் கூட்டுகிறேன் என்று கிளம்புபவர், தெரியாமலே சட்டத்தின் மறுபக்கம் போய் நிற்கக்கூடும்.

வேகம் உண்மையிலேயே குறைந்துபோன பழைய துப்பாக்கியில் தேட வேண்டியது கசிவை. பிஸ்டன் முனையின் வாஷர், பழைய ரகங்களில் தோலால் ஆனது, காய்ந்து சுருங்கியிருக்கும். குழல் மடங்கும் இடத்து ரப்பர் வளையம் நைந்திருக்கும். விவரமறிந்த பழுதுபார்ப்பவர் இவற்றை மாற்றிவிட்டு, இரண்டு ஒளி உணரிகளுக்கு இடையே குண்டு பறக்கும் நேரத்தை அளக்கும் குரோனோகிராஃபின் முன்னால் பத்துக் குண்டு சுடுவார். அவர் தேடுவது பெரிய எண்ணை அல்ல. பத்தும் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று மீட்டர் வித்தியாசத்துக்குள் நின்றால், துப்பாக்கியை உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்.