மூச்சுவிடாமல் பேசும் டாக்டர்

மோர்டின் சோலஸுக்கு முழு வாக்கியம் பேச நேரமில்லை. எழுவாயை விழுங்கிவிட்டுச் சொற்களைப் பொரிந்து தள்ளுவார். காரணம் இருக்கிறது: அவருடைய சாலேரியன் இனத்தின் ஆயுளே ஏறக்குறைய 40 ஆண்டுகள்தான்.

கனடாவின் பயோவேர் நிறுவனம் 2010-இல் வெளியிட்ட 'மாஸ் எஃபெக்ட் 2' வீடியோ கேமில்தான் இந்த வேற்றுக்கிரக விஞ்ஞானி அறிமுகமானார். ஒமேகா என்ற ரௌடி ராஜ்ஜியத்தில் மருத்துவமனை நடத்துகிறார். நோயாளிகளுக்கு வைத்தியம், மிரட்ட வரும் கூலிப்படைக்குத் துப்பாக்கி. நடுவில் பாட்டு வேறு!

ஆனால் இந்தக் கலகலப்புக்கு அடியில் ஒரு பெரும்பாவம் கிடக்கிறது. போர்க்குணம் மிக்க க்ரோகன் இனம் பெருகாமல் தடுக்க, முன்பே ஓர் உயிரியல் ஆயுதம் ஏவப்பட்டிருந்தது. ஆயிரம் கருவில் ஒன்றே பிழைக்கும். க்ரோகன்கள் மெல்ல அதை வெல்லத் தொடங்கியபோது, அதை மீண்டும் கூர்தீட்டிய ரகசியக் குழுவில் மோர்டினும் ஒருவர். கணக்கு சரி என்கிறார். இறந்த க்ரோகன் பெண் ஒருத்தியின் உடலைக் கண்டதும் குரல் தடுமாறுகிறது. வாதம் வேறு, மனசு வேறு. எழுத்தாளர்கள் ஜெயித்தது இங்கேதான்.

2012-இல் வந்த மூன்றாம் பாகத்தில், மாற்று மருந்தைப் பரப்ப அவரே இடிந்துவிழும் கோபுரத்தில் ஏறுகிறார். விளையாடுபவர் நினைத்தால் முதுகில் சுட்டு அவரைத் தடுக்கலாம். விட்டுவிட்டால், வேலையை முடித்து, பாடிக்கொண்டே சாகிறார்.